கதையில் ஜெயித்தவள் டெலிவிஷனில் தோற்பதா?

துப்பறியும் கதை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? கொலை நடக்கும். நகை காணாமல் போகும். போலீசார் திகைத்து நிற்பார்கள். அப்போது துப்பறியும் நிபுணர் வருவார். ஒரு கால் தடம், ஒரு சிட்டிகைச் சாம்பல், ஒரு சட்டைப் பொத்தான். இவை போதும், குற்றவாளி அகப்பட்டு விடுவான்!

முன்பு இந்தக் கதைகளைப் புத்தகத்தில் படித்தார்கள். இப்போது டெலிவிஷனில் பார்க்கிறார்கள். குடும்பமே கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. பாட்டியும் பார்க்கிறாள், பேத்தியும் பார்க்கிறாள்.

புத்தகத்தில் உள்ளது உள்ளபடியே டெலிவிஷனில் வருவதில்லை. கொஞ்சம் கூட்டுவார்கள், கொஞ்சம் குறைப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால், கூட்டும்போதும் குறைக்கும்போதும் பெண் பாத்திரத்தின் கதி என்ன ஆகிறது? அவளுக்குப் பேச்சு கூடுகிறது. பளபளப்பு கூடுகிறது. கையில் துப்பாக்கி கூட வந்து விடுகிறது. ஆனால் மூளை? அதுதான் பல சமயம் குறைந்து போகிறது.

இங்கிலாந்து நாட்டுக் கதை ஒன்றைக் கேளுங்கள். விஷயம் விளங்கும்.

ராஜாவும் பாடகியும்

ஷெர்லாக் ஹோம்ஸ் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அவனைப் படைத்தவர் ஆர்தர் கானன் டாயில். ஹோம்ஸை வைத்து அவர் 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் எழுதினார். அந்தச் சிறுகதைகளில் முதல் கதை 1891 ஜூலையில் ஸ்டிராண்ட் என்ற பத்திரிகையில் வந்தது.

பொஹீமியா நாட்டு ராஜா முகமூடி போட்டுக் கொண்டு ஹோம்ஸைத் தேடி வருகிறான். அவனுக்கு ஒரு பெரிய கவலை. ஒரு காலத்தில் ஐரீன் ஆட்லர் என்ற பாடகியுடன் பழகினான். இருவரும் சேர்ந்து படம் எடுத்துக் கொண்டார்கள். இப்போது அவன் வேறொரு இளவரசியைக் கட்டிக்கொள்ளப் போகிறான். அந்தப் படம் வெளியே வந்தால் கல்யாணம் நின்று விடும்!

ராஜா சும்மா இருக்கவில்லை. ஆள் வைத்து ஐரீனின் வீட்டில் திருடப் பார்த்தான். பெட்டியைக் கடத்தினான். வழி மறித்தான். ஐந்து தடவை முயன்றும் படம் கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் ஹோம்ஸிடம் வந்தான்.

ஹோம்ஸ் பாதிரியார் வேஷம் போட்டான். ஐரீனின் வீட்டு வாசலில் ஒரு பொய்ச் சண்டையை ஏற்பாடு செய்தான். அடிபட்டவன் போல விழுந்தான். ஐரீன் இரக்கப்பட்டு, அவனை வீட்டுக்குள் கொண்டு வரச் சொன்னாள். அந்தச் சமயத்தில் ஹோம்ஸின் தோழர் வாட்சன், ஜன்னல் வழியாகப் புகைக் குண்டை எறிந்தார். “தீ! தீ!” என்று கூச்சல் எழுந்தது.

வீடு பற்றி எரிந்தால் மனிதர்கள் எதைக் காப்பாற்ற ஓடுவார்கள்? தங்களுக்கு உயிரான பொருளைத்தானே? ஐரீனும் படம் இருந்த இடத்துக்கு ஓடினாள். மணிக்கயிற்றுக்கு மேலே, சுவரில், நகரும் பலகைக்குப் பின்னால் படம் இருந்தது. ஹோம்ஸ் பார்த்து விட்டான். “நாளைக் காலையில் எடுத்துக் கொள்ளலாம்” என்று நினைத்துத் திரும்பினான்.

தெருவில் கேட்ட குரல்

ஐரீன் ஏமாந்தது ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் யோசித்தாள். “வந்தது பாதிரியார் அல்ல. இது ஹோம்ஸின் வேலை!” என்று கண்டு பிடித்தாள். அத்துடன் விட்டாளா? ஆண் உடை அணிந்து கொண்டாள். ஹோம்ஸின் பின்னாலேயே அவன் வீடு வரை போனாள். அவன் கதவைத் திறக்கும் சமயத்தில், அவன் பெயரைச் சொல்லி, “குட் நைட்” என்று வாழ்த்தி விட்டு நடந்தாள்!

எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று ஹோம்ஸ் விழித்தான். யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறு நாள் காலையில் ராஜாவையும் அழைத்துக் கொண்டு ஐரீனின் வீட்டுக்குப் போனான். பறவை பறந்து விட்டது. தான் விரும்பி மணந்த வக்கீலுடன் அவள் ரயில் ஏறி விட்டாள். படம் இருந்த இடத்தில் ஹோம்ஸுக்கு ஒரு கடிதம் இருந்தது. ராஜாவுக்கு இனித் தன்னால் தொல்லை இல்லை, படத்தைத் தற்காப்புக்காக மட்டும் வைத்துக் கொள்வேன் என்று எழுதியிருந்தாள். அவளுடைய தனிப்படம் ஒன்றும் அங்கே இருந்தது.

ராஜா மரகத மோதிரத்தைக் கழற்றி நீட்டினான். ஹோம்ஸ் வாங்கவில்லை. அவளுடைய படத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டான். அதுவரை பெண்களின் புத்தியைப் பற்றிக் கேலி பேசியவன் ஹோம்ஸ். அன்றோடு அந்தக் கேலியை நிறுத்தினான்.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கச் செய்தது ஒரு பெண்ணின் யோசனை! இதுதான் அந்தக் கதையின் உயிர்.

2012-ல் நடந்தது என்ன?

120 ஆண்டுகள் சென்றன. பி.பி.சி. டெலிவிஷன் 2010-ல் “ஷெர்லாக்” என்ற தொடரைத் தொடங்கியது. ஹோம்ஸ் இன்றைய லண்டனில் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்பது அதன் கற்பனை. 2012 ஜனவரி 1-ந் தேதி ஐரீன் கதை ஒளிபரப்பானது. எழுதியவர் ஸ்டீவன் மோஃபட். ஐரீனாக நடித்தவர் லாரா புல்வர்.

இந்தத் தொடரில் ஐரீன் பாடகி அல்ல. பெரிய இடத்து மனிதர்களின் அந்தரங்க ஆசைகளை அறிந்து, அதையே தொழிலாக நடத்துகிறவள். பழைய படத்துக்குப் பதில் அவளிடம் ஒரு செல்போன் இருக்கிறது. அதில் அரச குடும்பத்தின் ரகசியமும் அரசாங்கத்தின் ரகசியமும் அடக்கம்.

ஹோம்ஸை முதலில் சந்திக்கும்போது உடம்பில் துணியில்லாமல் வந்து நிற்கிறாள். துணிமணியைப் பார்த்துத்தானே ஹோம்ஸ் ஆளை எடை போடுவான்? அந்த வழியை அடைத்து விட்டாள். யோசனை கெட்டிதான். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பழைய ஐரீன் உடையை மாற்றிக் கொண்டு ஜெயித்தாள். புதிய ஐரீன் உடையைக் களைந்தால்தான் ஜெயிக்கலாம் என்று ஆகி விட்டது.

பாதிக் கதை வரை அவள் கைதான் மேலே இருக்கிறது. ஹோம்ஸை மயக்க மருந்து கொடுத்து வீழ்த்துகிறாள். அவனைக் கொண்டே அரசாங்க ரகசியத்தை அறிந்து கொள்கிறாள். அரசாங்கமே அவள் காலடியில் நிற்கிறது.

அப்புறம் என்ன? ஹோம்ஸ் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்திருக்கிறான். நாடி வேகமாகத் துடித்திருக்கிறது. “நீ என்னைக் காதலிக்கிறாய்!” என்கிறான். செல்போனின் பூட்டைத் திறக்கும் ரகசியச் சொல், ஆங்கிலத்தில் அவன் பெயரின் முதல் நான்கு எழுத்துக்களே! பூட்டு திறக்கிறது. எல்லாம் போய் விட்டது. ஐரீன் கெஞ்சுகிறாள்.

அதோடு முடிந்ததா? இல்லை. கடைசியில் கராச்சியில் பகைவர்கள் அவளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கழுத்தை வெட்டப் போகும் சமயம். வெட்ட வந்தவன் யார்? மாறுவேடம் போட்ட ஹோம்ஸ்! அவன்தான் அவளைக் காப்பாற்றுகிறான்.

1891-ல் அவளைக் காப்பாற்ற யாரும் தேவைப்படவில்லை. 2012-ல் அவள் மண்டியிட்டுக் காத்திருக்கிறாள்!

எழுதியவரின் பதில்

இதைப் பற்றி அப்போதே பிரிட்டிஷ் பத்திரிகைகளில் காரசாரமான விவாதம் நடந்தது. மோஃபட் குற்றச்சாட்டை ஒப்புக் கொள்ளவில்லை. பழைய கதையில் ஐரீன் பெற்ற வெற்றிதான் என்ன? வீட்டைக் காலி செய்து விட்டுப் புருஷனோடு ஓடிப் போனதுதானே? அது பெண் குலத்தின் வெற்றியா? இது அவருடைய கேள்வி.

கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. பழைய கதையில் ஐரீன் அதிகம் பேசவில்லை. கடிதம்தான் பேசுகிறது. அவளுடைய புதுக் கணவனும் ஒரு நிழல் போலத்தான் வந்து போகிறான்.

ஆனால் வெற்றி என்பது என்ன? ஒரு நாட்டின் ராஜா அவளிடமிருந்து பறிக்க நினைத்ததை அவனால் பறிக்க முடியவில்லை. துப்பறிவதில் புலி என்று பெயர் எடுத்தவன் கையிலும் அவள் சிக்கவில்லை. தான் விரும்பிய வாழ்வைத் தானே தேர்ந்து எடுத்தாள். ராஜாவைப் பழி வாங்கும் வாய்ப்பு கையில் இருந்தும் வேண்டாம் என்று விட்டாள். ஊரை விட்டுப் போனாள் என்பது உண்மை. தோற்றுப் போய் ஓடவில்லை. வேலையை முடித்து விட்டுப் போனாள்.

புதிய ஐரீனுக்கு எல்லாம் கிடைத்தன. கூரிய பேச்சு, செல்வாக்கு, அழகு, சவுக்கு கூடக் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றே ஒன்று. கடைசி யோசனை அவளுடையது அல்ல.

நாயகன் தோற்கலாமா?

“தொடர் கதையில் நாயகன் தோற்றால் ஜனங்கள் பார்ப்பார்களா?” என்று சிலர் கேட்கலாம். ஜனங்கள் இதற்கு எப்போதோ பதில் சொல்லி விட்டார்கள்.

சிறுகதைகளில் முதல் கதையிலேயே ஹோம்ஸ் தோற்றான். வாசகர்கள் வெறுத்தார்களா? இல்லை. இன்னும் இன்னும் என்று கேட்டார்கள். அதன் பிறகு 55 கதைகள் வந்தன.

1984-ல் கிரனாடா டெலிவிஷன் கம்பெனி ஹோம்ஸ் கதைகளை எடுக்கத் தொடங்கியது. ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்தார். ஏப்ரல் 24-ந் தேதி வந்த முதல் கதையே ஐரீன் கதைதான்! கேல் ஹனிகட் ஐரீனாக நடித்தார். அதில் அவள் புத்தகத்தில் ஜெயித்தபடியே ஜெயித்தாள். நாயகன் தோற்றதால் தொடர் படுத்து விட்டதா? 1994 வரை பத்து ஆண்டு நடந்தது. இன்றும் ஹோம்ஸ் என்றால் ஜெரமி பிரெட்தான் என்று சொல்லுகிறவர்கள் ஏராளம்.

ஆகவே, ஜனங்கள் மேல் பழி போடக் கூடாது. ஒரு பெண்ணிடம் தோற்றதால் ஹோம்ஸ் சிறியவன் ஆகவில்லை. தோல்வியை ஒப்புக் கொண்டதால் பெரியவன் ஆனான்.

வாட்சனே பெண் ஆனால்?

அப்படியானால் பழைய கதையில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாதா? அப்படி அல்ல. நன்றாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

2012 செப்டம்பரில் அமெரிக்காவில் “எலிமெண்டரி” என்ற தொடர் தொடங்கியது. அதில் ஹோம்ஸ் நியூயார்க்கில் வாழ்கிறான். வாட்சன் ஒரு பெண்! பெயர் ஜோன் வாட்சன். லூசி லியூ நடித்தார்.

இதைக் கேட்டதும் பலர், “சரி, இரண்டு பேருக்கும் காதல், கல்யாணம்தான்” என்று நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. ஜோன் ஒரு சர்ஜன். அறுவைச் சிகிச்சையில் நோயாளி இறந்ததால் தொழிலை விட்டவள். போதைப் பழக்கத்திலிருந்து மீளும் ஹோம்ஸுக்குத் துணையாக இருக்கும் வேலைக்கு வருகிறாள். அவனைக் கவனிக்கிறாள். தொழிலைக் கற்கிறாள். தப்புச் செய்கிறாள், திருத்திக் கொள்கிறாள். பிறகு அவளே துப்பறியும் நிபுணர் ஆகிறாள். 2019-ல் தொடர் முடியும் வரை 154 பகுதிகளிலும் அவர்கள் கூட்டாளிகள்தான். காதலர்கள் அல்ல.

இதிலும் ஐரீன் வருகிறாள். அவள்தான் ஹோம்ஸின் பரம விரோதி மோரியார்ட்டி என்று தெரிகிறது. அவளும் ஹோம்ஸ் மேல் உள்ள ஆசையால்தான் பிடிபடுகிறாள். அதைக் கண்டு பிடித்தது யார்? ஜோன்! ஒரு பெண்ணின் புத்தியை இன்னொரு பெண்ணின் புத்தி வென்றது. புத்தகத்தில் இல்லாத மாற்றம்தான். ஆனால் மாற்றத்தில் மூளை குறையவில்லை, கூடியது.

பின்னல் ஊசிப் பாட்டி

அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிளை எடுத்துக் கொள்ளுங்கள். கல்யாணம் ஆகாத கிழவி. சின்னக் கிராமத்தில் இருப்பாள். கையில் எப்போதும் பின்னல் ஊசி. “பாட்டிக்கு என்ன தெரியும்?” என்று எல்லோரும் நினைப்பார்கள். பாட்டிக்கு எல்லாம் தெரியும்! கிராமத்து மனிதர்களைப் பார்த்துப் பார்த்து மனித மனத்தை அறிந்தவள் அவள்.

1984 முதல் 1992 வரை பி.பி.சி. இந்த 12 நாவல்களையும் எடுத்தது. பாட்டியாக நடித்த ஜோன் ஹிக்சனுக்குத் தொடக்கத்தில் வயது 78. மினுக்கு இல்லை, குலுக்கு இல்லை. அமைதியாக உட்கார்ந்து கேட்பார், கண்கள் மட்டும் கவனிக்கும். ஜனங்கள் ஆவலுடன் பார்த்தார்கள்.

2004-ல் ஐ.டி.வி. அதே பாட்டியை மறுபடி எடுத்தது. கதையில் இல்லாத ஒரு பழைய காதலைச் சேர்த்தார்கள். இளமையில் அவள் மனைவியுள்ள ஒரு போர்வீரனைக் காதலித்தாளாம். அவன் யுத்தத்தில் இறந்தானாம். ஏன் இந்தச் சேர்ப்பு? கல்யாணம் ஆகாத கிழவிக்கு ஒரு சோகக் காரணம் இருந்தே தீர வேண்டுமா? தனியாக வாழ்ந்து, புத்தியோடு இருப்பது மட்டும் போதாதா?

2006-ல் இன்னொரு வேடிக்கை. கிறிஸ்டி 1968-ல் எழுதிய நாவல் ஒன்றில் டப்பன்ஸ் என்ற பெண் தனியாகக் கிளம்பித் துப்பறிகிறாள். ஒரு ஓவியத்தில் உள்ள வீட்டைத் தேடி அலைகிறாள். டெலிவிஷனில் அந்தக் கதைக்குள் மிஸ் மார்ப்பிளைக் கொண்டு வந்து நுழைத்தார்கள். டப்பன்ஸின் கையில் மதுக்குப்பியைக் கொடுத்து விட்டார்கள்! ஒரு கதையில் இரண்டு புத்திசாலிப் பெண்களுக்கு இடம் இல்லையாம்.

பி. டி. ஜேம்ஸ் என்ற நாவலாசிரியை 1972-ல் கார்டீலியா கிரே என்ற இளம் துப்பறியும் பெண்ணைப் படைத்தார். 1997-ல் அது டெலிவிஷன் தொடர் ஆயிற்று. பிறகு, நடித்த நடிகை தாய்மை அடைந்தார். உடனே கதையிலும் கல்யாணம் ஆகாத கார்டீலியாவைத் தாய்மை அடைய வைத்தார்கள். படைத்தவருக்கு மனம் ஒப்பவில்லை. கார்டீலியாவை வைத்து அவர் அப்புறம் நாவல் எழுதவே இல்லை. பெற்றவளே பிள்ளையைக் கை விடும்படி ஆகி விட்டது!

துப்பாக்கி கொடுத்தால் போதுமா?

டெலிவிஷன் எழுத்தாளர்களின் சங்கடமும் புரிகிறது. பழைய துப்பறியும் கதைகளில் பெண்கள் குறைவு. அழுது கொண்டு வருவாள் ஒருத்தி. மயங்கி விழுவாள் ஒருத்தி. காபி கொண்டு வருவாள் ஒருத்தி. இன்று அதை அப்படியே எடுத்தால் எடுபடாது. பெண்ணுக்கு வேலை கொடுக்கத்தான் வேண்டும்.

என்ன வேலை கொடுப்பது? இங்கேதான் குறுக்கு வழியில் போகிறார்கள்.

டாயில் 1890-ல் எழுதிய நாவலில் மேரி மார்ஸ்டன் என்ற பெண் வருகிறாள். வழக்குக்கு வேண்டிய காகிதங்களைப் பத்திரமாக எடுத்துக் கொண்டு ஹோம்ஸிடம் வருகிறாள். இந்தத் தொழிலுக்கு ஏற்ற திறமை அவளிடம் இருக்கிறது என்று ஹோம்ஸே பாராட்டுகிறான். பிறகு அவள் வாட்சனின் மனைவி ஆகிறாள். டாயில் அந்தத் திறமையை வளர்க்கவில்லை. “ஷெர்லாக்” தொடர் வளர்த்திருக்கலாம் அல்லவா? மேரியை முன்னாள் கொலைகாரி ஆக்கிக் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. 2017 ஜனவரியில், ஹோம்ஸைக் காப்பாற்றக் குண்டை நெஞ்சில் வாங்கிச் செத்தாள். அடுத்து வருவது என்ன? அவள் சாவினால் இரண்டு ஆண்களின் நட்பு முறிந்து, பிறகு கூடுவதுதான் கதை.

அதே தொடரில் மாலி ஹூப்பர் என்ற பெண்ணும் உண்டு. டாயில் எழுதாத புதுப் பாத்திரம். ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை செய்பவள். ஹோம்ஸ் அவளை லட்சியம் செய்வதே இல்லை. ஆனால் 2012-ல், உயிருக்கு ஆபத்து வந்தபோது அவன் யாரிடம் போனான்? அவளிடம்தான். செத்தவன் போல நடித்து அவன் தப்பியது அவள் உதவியால். துப்பாக்கியும் இல்லை, சவுக்கும் இல்லை. தொழில் தெரிந்த ஒரு பெண். அவ்வளவுதான். அந்தக் காட்சி மனத்தில் நிற்கிறது. எழுதத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். எழுதியும் காட்டியிருக்கிறார்கள்.

மூன்று கேள்விகள்

“இதெல்லாம் வெறும் கதைதானே?” என்று தள்ளி விடக் கூடாது. துப்பறியும் கதை என்பது யோசிப்பதைக் காட்டும் கதை. யார் யோசிக்கலாம், யார் யோசிக்க முடியாது என்று அது சொல்லாமல் சொல்லுகிறது. பத்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து பார்க்கிறாள். புத்திசாலிப் பெண் கடைசியில் கெஞ்சித்தான் ஆக வேண்டும் என்று அவள் மனத்தில் பதியலாமா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் அண்ணன் மனத்தில் பதியலாமா?

அடுத்த தடவை துப்பறியும் தொடர் பார்க்கும்போது, குடும்பத்தோடு மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: இந்தப் பெண் தானாக எதையாவது கண்டு பிடித்தாளா? அல்லது பிறர் கண்டு பிடித்ததைக் கேட்டு வியந்தாளா?

இரண்டு: அவள் தோற்றால், எதனால் தோற்றாள்? எதிராளியின் புத்தியாலா? அல்லது பெண் என்றால் காதலில் விழுந்துதான் ஆக வேண்டும் என்ற பழைய எண்ணத்தாலா?

மூன்று: அவள் இல்லாவிட்டாலும் கதை நடக்குமா?

நல்லவளாகவே காட்டு என்று யாரும் கேட்கவில்லை. அவள் திருடியாக இருக்கட்டும், கொலைகாரியாக இருக்கட்டும், பொல்லாத கிழவியாக இருக்கட்டும். எப்போதும் ஜெயிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. தோற்கட்டும். ஆனால் போட்டி நேர்மையாக இருக்க வேண்டும்.

பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத காலத்தில், ஓர் ஆண் எழுத்தாளர், ஒரு பெண்ணின் யோசனைக்கு முன்னால் தன் நாயகனைத் தலை குனிய வைத்தார். பெண்கள் நாடாண்ட பிறகு எழுதுகிறவர்கள், அதை விடக் குறைத்துக் கொடுக்கலாமா?